புது ஃபெரெட்டை முதல் நாளே பழையதோடு சேர்த்து விடலாமா?

கயல்:
எங்கள் வீட்டில் 5 வயது ஆண் ஃபெரெட் (கீரி போல நீண்ட உடம்புள்ள சிறு வளர்ப்பு விலங்கு) ஒருவன் இருக்கிறான். ஜோடியாக இருந்தது இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறான். இப்போது 4 மாதப் பெண் குட்டி ஒன்றைக் கொண்டுவரப் போகிறோம். கொடுப்பவர், "ஆரோக்கியமான குட்டி, தடுப்பூசி போட்டாச்சு, அன்றைக்கே சேர்த்து விடுங்கள், தனியாக அடைத்தால் ஏங்கிப்போகும்" என்கிறார். வேறு சிலர் இரண்டு வாரம் தனி அறையில் வைக்கச் சொல்கிறார்கள். வளர்ப்பவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்பது?

மாறன்:
கொடுப்பவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கிப் பழகிய குட்டி அது. தனி அறையில் போட்டால் சரியாகச் சாப்பிடாது. ஃபெரெட்டுகளுக்கு அந்த மன அழுத்தமே நோய்தான். பெரும்பாலான ஃபெரெட்டுகளின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி சும்மா கிடக்கிறது. அழுத்தம் கூடினால் அதுவே புண்ணாகக் கிளம்பும்.

அப்புறம் இந்த இரண்டு வாரக் கணக்கு. பச்சைக் கழிச்சலைக் கொண்டுவரும் ஃபெரெட் கொரோனா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள் (இது கோவிட் வைரஸ் அல்ல, வேறு). அறிகுறியே இல்லாத குட்டி மாதக்கணக்கில் அதை மலத்தில் வெளியேற்றலாம். அலூஷியன் என்ற இன்னொரு வைரஸ் நோயும் ரத்தப் பரிசோதனை செய்யாதவரை வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும். பதினைந்தாம் நாள் கதவைத் திறந்தால் இதெல்லாம் போயிருக்குமா? வராத பாதுகாப்பை வந்ததாக நினைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

தேன்மொழி:
மாறன் அண்ணா, நீங்கள் சொன்ன அதே வைரஸை வைத்துத்தான் நான் தனி அறை வேண்டும் என்கிறேன். குட்டிக்கு அது ஒன்றும் செய்யாது, அல்லது லேசாக வயிறு கலங்கி அடங்கிவிடும். வயதான ஃபெரெட்டைத்தான் படுக்கையில் தள்ளும். தொற்றினால் 2, 3 நாளில் வாந்தி, பிறகு சளி போன்ற பச்சைக் கழிச்சல், சாப்பாடு நிற்கும். குடல் தேறச் சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். கயல் வீட்டில் ஆபத்து அந்த 5 வயதுக்காரனுக்குத்தான்.

எல்லாவற்றையும் பிடிக்க முடியாது என்பதால் எதையும் பிடிக்க வேண்டாம் என்றாகிவிடுமா? டிஸ்டெம்பர் (நாய்களையும் தாக்கும் கொடிய வைரஸ் நோய்) பெரும்பாலும் 7 முதல் 10 நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். அது வந்த ஃபெரெட் பிழைப்பது அரிதிலும் அரிது. அந்த ஒரு நோய்க்காகவே இரண்டு வாரம் காத்திருக்கலாம்.

இன்னொன்று, யாரும் பெரிதாகப் பேசாதது. இரண்டையும் முதல் நாளே சேர்த்துவிட்டால், காலையில் லிட்டர் பாக்ஸில் (அவை மலம் கழிக்கும் தட்டில்) கிடக்கும் கழிச்சல் யாருடையது என்றே தெரியாது. யார் சாப்பிட்டது, யார் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போனது என்பதும் தெரியாது. புதிதாக வந்ததன் வழக்கம் என்ன என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

மாறன்:
லிட்டர் பாக்ஸ் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறை வேறானாலும் தொடுவது அதே கைதானே? பெரும்பாலான வீடுகளில் இந்தத் தனிமை பெயரளவில்தான் நடக்கிறது.

தேன்மொழி:
அப்படியானால் ஒழுங்காகச் செய்யச் சொல்வோம். முதலில் பழையவனைக் கவனித்துவிட்டு அப்புறம் புதியதிடம் போக வேண்டும், மாற்றிப் போகக் கூடாது. குட்டியின் அறைக்கென்று ஒரு மேல்சட்டை, தனிக் கிண்ணம், தனி லிட்டர் பாக்ஸ், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்து குட்டியோடு விளையாடவும் வேண்டும், அப்போது ஏக்கம் பாதி குறையும்.

கயல், "தடுப்பூசி போட்டாச்சு" என்பதோடு விடாதீர்கள். எத்தனை தடவை, எந்தத் தேதிகளில் என்று அட்டையைக் கேளுங்கள். டிஸ்டெம்பர் ஊசி குட்டிகளுக்கு வழக்கமாக 8, 11, 14 வாரத்தில் என்று மூன்று முறை போடுவது. ஒன்று மட்டும் போட்டிருந்தால் அது போதாது.

செழியன்:
வீட்டில் யாருக்காவது சளிக் காய்ச்சல் இருந்தால் அவர் இரண்டையுமே தொட வேண்டாம். நம்முடைய இன்ஃபுளுயன்ஸா அவற்றுக்குத் தொற்றும், அவற்றிடமிருந்து நமக்கும் வரும். மனித இன்ஃபுளுயன்ஸா வைரஸை 1933இல் லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் உதவியால்தான்.

செவ்வந்தி:
விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன். இரண்டு வாரமா இல்லையா என்பதைவிட, அந்த நாட்களில் எதைப் பார்ப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. சும்மா தனியே வைத்திருப்பதால் பயன் இல்லை.

தும்மல், தெளிந்த மூக்குநீர், சோர்வு மட்டும் என்றால் பெரும்பாலும் சளிக்காய்ச்சல், சில நாளில் தேறும். கண்ணில் பிசின் போல ஒட்டுவது, தாடையில் சொறி, உள்ளங்காலின் மெத்தைகள் தடித்துக் கெட்டியாவது என்று சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பரை நினைக்க வேண்டும். உடனே கிளம்புங்கள். மற்ற விலங்குகளுக்குப் பரவாமல் இருக்க, மருத்துவமனைக்குள் போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காதில் கருப்பு நிறத்தில் அழுக்குப் படிந்து ஓயாமல் சொறிந்தால் காதுப்பேன். அது பழையவனுக்கும் எளிதாக ஒட்டும்.

தார் போலக் கருத்த மலம் வந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. பல்லை நறநறவென்று கடித்தால் வலி. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் அது அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது.

பழையவனையும் பாருங்கள். கவனமெல்லாம் குட்டி மேல் போய்விடும். 5 வயதில் அவன் பின்னங்கால் தளர்ந்து தடுமாறினால், எச்சில் ஒழுக வாயைக் கையால் பிறாண்டினால், வெறித்துப் பார்த்தால், கணையக் கட்டியால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். "புதுக்குட்டி வந்த வருத்தம்" என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு, வேண்டாம். வால் அடியில் முடி உதிர்ந்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

மாறன்:
இப்படிப் பட்டியல் படித்துவிட்டு, ஒரு பச்சை மலத்தைக் கண்டதும் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உணவு மாறினால்கூட மலம் பச்சையாக, இளகிப் போகும். பயணம், ஊசி, புது வாசனை என்று குட்டிக்கு அந்த வாரமே பெரிய பாரம். ஒரு நாள் பொறுக்கலாமே?

செவ்வந்தி:
ஒரே ஒரு தடவை, சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் பொறுக்கலாம். பழைய உணவையே முதலில் கொடுத்து, மெதுவாக மாற்றினால் அந்தக் குழப்பமும் குறையும். ஆனால் ஃபெரெட்டுக்குச் சாப்பிட்டது 3, 4 மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். நாய், பூனைக்கு வைக்கும் "நாளைக்குப் பார்க்கலாம்" கணக்கு இங்கே பொருந்தாது. சாப்பிடாமல் கழிச்சலும் தொடர்ந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஆண் ஃபெரெட் சிறுநீர் போக முக்கி முனகினால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், இப்யூபுரோஃபென் இரண்டும் அவற்றுக்கு விஷம்.

மாறன்:
சரி, ஒரு நடுவழி சொல்கிறேன். அறை தனியாக இருக்கட்டும், ஆனால் முதல் நாளிலிருந்தே தூளியையும் போர்வையையும் மாற்றிப் போடுங்கள். வாசனை பழகிவிட்டால் பிறகு சண்டை குறையும்.

தேன்மொழி:
வாசனைப் பழக்கம் நல்ல யோசனைதான், நாள்தான் தவறு. போர்வையில் மலத்தின் துணுக்கு ஒட்டியிருந்தாலே வைரஸ் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது வாரம் முடியட்டும். குட்டி நலமாக இருந்தால் போர்வை மாற்றுங்கள், அதற்கு அப்புறம் இருவருக்கும் புதிதான ஓர் இடத்தில் சந்திப்பு. பிடரியைக் கவ்வி இழுப்பதும் உருளுவதும் விளையாட்டு. ஒன்று அலறினால், பயத்தில் மலம் கழித்தால், ரத்தம் வந்தால் பிரித்துவிடுங்கள்.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. கொடுப்பவரிடம் தடுப்பூசி அட்டை கேட்டிருக்கிறேன், அலூஷியன் பரிசோதனையைப் பற்றி எங்கள் டாக்டரிடம் பேசப் போகிறேன். குட்டிக்கு மாடி அறை. சமையலறைத் தராசு ஒன்று புதிதாக வாங்கி, இருவரின் எடையையும் தினமும் குறிப்பேன்.

மாறன்:
எடை குறிப்பது மிக நல்லது. ஆண் ஃபெரெட் குளிர்காலத்தில் கொழுத்து வசந்தத்தில் இளைக்கும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். இரண்டு வாரம் அதிகம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் வைப்பது என்று முடிவெடுத்தால் மாலை வேளையில் குட்டியோடு நிறைய நேரம் இருங்கள்.