90களின் புரோஃப்ளெக்ஸ்: பின் ஷாக்குக்குள் எல்லாம் பொடி, என்ன வழி?

கோத்தகிரி_ஏத்தம்:
எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தவரிடம் வாங்கிய புரோஃப்ளெக்ஸ், முன்னும் பின்னும் ஷாக் உள்ள டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள். பின் ஷாக்கைக் கழற்றினால், உள்ளே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் இலாஸ்டோமர் (ரப்பர் போன்ற துண்டு) கையில் பிசுபிசுவென ஒட்டுகிறது, அழுத்தினால் உதிர்கிறது. பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மும் பக்கவாட்டில் ஆடுகிறது. கடையில் "இரும்புக் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரிஜினல் பாகம் வரவழைக்கலாமா?

வெலிங்டன்_ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. அதுக்கும் உங்க சைக்கிள் வயசுதான். அது நுரை யூரித்தேன்; ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஈரம் அதை அரித்துவிடும், நம்ம மலையில் கேட்கவே வேண்டாம்.

கார் ஷாக் அப்சார்பர் ராடில் மாட்டும் பம்ப் ஸ்டாப் (ஷாக் அடிவரை இறங்கும்போது இடிக்காமல் தாங்கும் துண்டு) வாங்குங்கள். பல கார்களில் அதே சரக்குதான். கடைக்காரர் கெட்டியான கறுப்பு ரப்பரை எடுத்து நீட்டுவார், வாங்காதீர்கள். நமக்கு வேண்டிய நுரை பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும், கையில் கனமே தெரியாது, வெட்டிய முகத்தில் பொடிப்பொடித் துளைகள் தெரியும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் பிய்யாது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தன் ஓட்டத்தில் கால் பங்கு இறங்கினால் சரி.

கணபதி_லேத்:
கோவைக்கு வந்தால் யூரித்தேன் ராடிலேயே கடைந்து தருவோமே அண்ணா?

வெலிங்டன்_ஸ்பேனர்:
ராடு என்றால் துளையே இல்லாத கட்டி யூரித்தேன், தம்பி. நுரை என்றால் தனக்குள்ளேயே சுருங்கும். கட்டி சுருங்காது, பக்கத்தில் பிதுங்கும். கோடநாடு ரோட்டில் ஒரு குழி போதும், முதுகெலும்பு சொல்லிவிடும். உங்க லேத்துக்கு வேற வேலை இருக்கு: பிவட்டுக்கு (சுவிங் ஆர்ம் ஃபிரேமில் அசையும் மூட்டு) கன்மெட்டல் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி வரும் வெண்கல உறை. முதலில் போல்ட்டை வெர்னியரில் பல இடத்தில் அளந்து பாருங்கள். தேய்ந்த போல்ட்டுக்குப் புது புஷ் போட்டால் ஆட்டம் போகாது.

அப்புறம், சுவிங் ஆர்ம் வெல்டைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

கோத்தகிரி_ஏத்தம்:
விரிசல் இல்லை அண்ணா. பிவட் போல்ட்தான் அசையவே மாட்டேன் என்கிறது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

வெலிங்டன்_ஸ்பேனர்:
அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட், நடுவில் ஈரம். வேற என்ன ஆகும்? துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஹேர் டிரையரால் ஃபிரேமைச் சூடாக்குங்கள்; ஸ்டீலைவிட அலுமினியம் அதிகமாக விரியும். சுத்தியல் வேண்டாம். திரும்ப மாட்டும்போது போல்ட்டில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.