ஏற்காட்டு மார்கழிக் குளிரில் காய் பிடித்த கார மிளகாய்: மூடிக் காப்பதா, பறித்துவிடுவதா?

நாகலூர்ச் சரிவுத் தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியில், மேட்டிலிருந்து ஓடையை நோக்கிச் சரியும் சிறு காப்பித் தோட்டம் எங்களுடையது. அதன் ஓரத்தில் இவ்வாண்டு 22 காந்தாரி மிளகாய்ச் செடிகளையும், பூத் ஜோலோக்கியா, ஹபனேரோ என்னும் கடுங்கார மிளகாய் வகைகளில் 12 செடிகளையும் வைத்திருக்கிறேன். காந்தாரியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்கள் பாட்டி காலத்திலிருந்தே வேலியோரத்தில் தானாக முளைத்துக் காய்க்கிறது. மற்ற இரண்டும்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆனியில் விதைத்தேன், முளைக்கவே நான்கு வாரம் ஆயிற்று, ஆவணிக் கடைசியில்தான் நாற்றை நட முடிந்தது. ஐப்பசி மழையில் பூவெல்லாம் உதிர்ந்து, கார்த்திகையில்தான் காய் நிலைத்தது. இப்போது மார்கழி பிறந்துவிட்டது, செடிக்கு முப்பது காய் தொங்குகிறது, ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

சென்ற வாரம் மூன்று நாள் வானம் வெளுத்து, காற்றே இல்லாமல் இருந்தது. வீட்டருகில் மாட்டியிருக்கும் வெப்பமானியில் விடியற்காலை 12 டிகிரி. அதையே ஓடைப் பக்கம் கொண்டுபோய் வைத்தபோது 9 டிகிரி. புல் மீது வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் கண்டு பயந்துபோனேன். கீழ் வரிசைச் செடிகளில் இளந்தளிர் சுருண்டிருக்கிறது. ஊட்டியில் உறைபனி விழுந்த செய்தியையும் அதே நாளில் படித்தேன். செடிகளைத் தார்ப்பாயால் மூட வேண்டுமா? காய்களைப் பச்சையாகவே பறித்துவிட வேண்டுமா? ஐந்து ஹபனேரோ மட்டும் தரையில் இல்லாமல் வளர்ப்புப் பைகளில் உள்ளன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீலகிரியில் இருபது ஆண்டு

அம்மா, முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். நீங்கள் கண்டது நீர்ப்பனி, உறைபனி அன்று. விரலால் தொட்டால் புல்லில் உள்ள வெள்ளை உடனே நீராக வழிந்தால் அது நீர்ப்பனி; உப்புத் தூள் போல நறநறவென்று ஒட்டிக்கொண்டு, புல்லே விறைத்து நின்றால் அதுதான் உறைபனி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த எழுநூறு மீட்டர் வேறுபாடுதான் சேர்வராயன் மலையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழையால் மூடுவதையும், விடிந்ததும் புல்வெளியில் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பதையும் ஆண்டுதோறும் பார்த்தவன் நான். அந்த அளவுக்கு உங்களுக்குத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் எடுத்த இரண்டு அளவுகளும் மிக முக்கியமானவை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் மண் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. வீட்டுக்கும் ஓடைக்கும் இடையில் மூன்று டிகிரி வேறுபட்டது அதனால்தான். வெப்பமானியை நீங்கள் எந்த உயரத்தில் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. நெஞ்சு உயரத்தில் வைத்திருந்தால், தரையை ஒட்டிய இலை இன்னும் சில டிகிரி குளிர்ந்திருக்கும். கீழ் வரிசைக்குக் கீழே அடர்ந்த வேலியோ குவித்த சருகோ இருந்தால், குளிர்காற்று வடிந்து போவதற்கு அதில் ஓர் ஆள் அகல இடைவெளி விடுங்கள். மூடுவதைவிட இது பெரிய உதவி.

மிளகாய் வெப்ப நாட்டுப் பயிர். இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் புதிய பூவில் காய் பிடிப்பது குறையும். 10 டிகிரியில் செடி ஏறக்குறைய உறங்கிவிடும். செடி சாகாது, ஆனால் காய் முற்றுவதும் நிறம் மாறுவதும் அப்படியே நின்றுபோகும். எனவே இனி வரும் பூக்களையும் சுண்டுவிரல் நுனியளவுப் பிஞ்சுகளையும் இரக்கமில்லாமல் கிள்ளி எறியுங்கள். செடியின் வலு முழுவதும் முற்றிய காய்க்குப் போகட்டும்.

ஆத்தூரிலிருந்து டொராண்டோவுக்கு

நான் ஆத்தூர்க்காரன், பிழைப்புக்காக டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே உறைபனி என்பது உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினை, அக்டோபரிலேயே வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு வாரத்தில் என் மிளகாய்ச் செடிகளோடுதான் வாழ்கிறேன் என்பதால், மூடும் முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஏற்காட்டிலும் கடுங்குளிர் இரவுகளில் பயன்படும்.

மூடுவது என்றால் செடிக்குத் தலைப்பாகை கட்டுவது அன்று. போர்வை தரை வரைக்கும் இறங்கி, நான்கு பக்கமும் கல் வைத்து அழுத்தப்பட்டிருக்க வேண்டும்; மண்ணிலிருந்து இரவு முழுவதும் எழும் வெப்பத்தைச் சிறைப்பிடிப்பதுதான் நோக்கம். தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்த வெப்பம் வெளியிலேயே போய்விடும். பழைய பருத்திப் போர்வையோ கோணிச் சாக்கோ நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாய் இலையைத் தொட்டால், தொட்ட இடம் கருகிவிடும். அதுதான் கிடைக்கிறது என்றால் நான்கு கழி நட்டு அதன் மேல் விரியுங்கள். அன்று நண்பகலுக்குள் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஏனென்றால் ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். பொழுது சாயும்போதே மூடிவிட வேண்டும். இருட்டிக் குளிர்ந்த பிறகு மூடினால் சிறைப்பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. காலை வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

ஓர் ஆண்டு வானிலை அறிவிப்பை நம்பி, '2 டிகிரிதானே' என்று மூடாமல் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தபோது இலைகள் வேகவைத்த கீரை போல் கருத்துத் தொங்கின. காய்கள் மேலுக்கு நன்றாகத்தான் தெரிந்தன. நண்பகலுக்குள் கண்ணாடி போல நீர் கோத்து, அழுத்தினால் குழைந்தன. உறைந்து இளகிய காயை உலர்த்தவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. அன்றே அரைத்துச் சமைத்தால் உண்டு. அதனால் இங்கு நாங்கள் சுழியத்துக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், ஓரளவு முற்றிய காய் அனைத்தையும் முந்தைய மாலையே பறித்துவிடுகிறோம். நேரமில்லை என்றால் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, தலைகீழாக அறையில் தொங்கவிடுகிறோம். நிறம் மாறத் தொடங்கிய காய்கள் அப்படியே பழுத்துவிடும்.

வாழவந்தி அடுப்படி

அக்கா, மேலே இருவரும் குளிரைச் சொன்னார்கள்; நான் ஈரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மலையில் மார்கழி மிளகாயை அழிப்பது பெரும்பாலும் ஈரம்தான். மூடுபனி பத்து மணி வரை விலகாத நாளில் காய் நனைந்தே இருக்கும். பழத்தில் வட்டமாகக் குழி விழுந்து, அதற்குள் கருப்புப் புள்ளிகள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது பழ அழுகல் நோய். நன்றாகச் சிவந்த பழத்தைத்தான் அது முதலில் பிடிக்கும். ஆகவே முழுச் சிவப்புக்காகச் செடியில் காத்திருக்காதீர்கள். பகலிலும் போர்வையை அப்படியே விட்டுவிட்டால் இந்த நோயை நாமே விருந்துக்கு அழைத்ததாகும்.

எந்தக் காயைப் பறிப்பது என்பதற்கு என் அடையாளம் இதுதான். காம்பை ஒட்டிய தோள்பட்டையை விரலால் திருப்பிப் பாருங்கள். அடர்பச்சை வெளுத்து, மஞ்சளும் பழுப்புமாக ஒரு கீற்று ஓடியிருந்தால் காய் முற்றிவிட்டது. அதைக் காம்போடு கத்தரித்து, செய்தித்தாள் விரித்த முறத்தில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, அடுப்படிப் பரணில் வையுங்கள்; ஒரு வாரத்திலிருந்து பத்து நாளில் சிவந்துவிடும். கீற்று ஓடாத முழுப் பச்சைக் காய் பழுக்காது, சுருங்கத்தான் செய்யும். அதை உப்பும் காடியும் சேர்த்து ஊறுகாய்க்குப் போடுங்கள். குளிர்பெட்டியில் அடிப்பக்கம் வைக்காதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே நாள் பல வைத்தால் தோலில் குழி விழும், உள்ளே விதை கருக்கும்.

உலர்த்துவதற்குக் காப்பிக் களத்தை நம்ப வேண்டாம். பழம் எடுக்கும் காலம் என்பதால் களத்தில் இடமும் இராது. வெறும் தரையில் ஈர மிளகாயைப் பரப்பினால் பூஞ்சை பிடித்து நச்சு ஏறும். நீளவாக்கில் கீறி, கட்டில் கயிற்றிலோ கம்பி வலையிலோ பரப்பி, அடியில் காற்றோட விடுங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். கீறும்போது கையுறை கட்டாயம். பூத் ஜோலோக்கியாவின் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டும். 2007-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது அது. காரம் தண்ணீரில் கரையாது. கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பையிலுள்ள ஐந்து ஹபனேரோவுக்கு என் யோசனை வேறு: சேலத்தில் உறவினர் வீடு இருந்தால் கீழே அனுப்பிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் கூடும். சேலம் நம்மைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் தாழ்வு. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே.

நாகலூர்ச் சரிவுத் தோட்டம்

மூவருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், அடுத்த ஆண்டு யாருக்காவது உதவும். வெப்பமானியை நெஞ்சு உயரத்தில்தான் வைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்தபோது 7 டிகிரி காட்டியது. ஓடைப் பக்க உண்ணிச் செடி வேலியில் இரண்டு இடத்தில் வழி வெட்டினேன். அடுத்த தெளிந்த இரவில் அதே இடத்தில் 8.5. கீழ் வரிசை நான்கு செடிகளுக்கு மட்டும் கழி நட்டு, மாலை ஐந்தரைக்குச் சாக்கு போர்த்தி, காலையில் எடுத்து வருகிறேன்.

தோள்பட்டைக் கீற்றைப் பார்த்து 61 காய் பறித்தேன். பரணில் ஒன்பதாம் நாள் 54 சிவந்துவிட்டன. ஏழு அழுகின, அவை எல்லாம் காம்பு பிய்ந்து போனவை. கத்தரிக்கோலை எடுத்து வரச் சோம்பி நான் கையால் இழுத்த காய்கள் அவை.

ஐந்து பைகளையும் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள தம்பி வீட்டு மொட்டைமாடிக்குச் சிறு வண்டியில் அனுப்பினோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் கிளை ஒடியாமலிருக்க, ஒவ்வொரு செடியையும் மூன்று மூங்கில் குச்சியோடு கட்டி, பைகளுக்கு இடையில் ஈரச் சாக்கை அடைத்தோம். ஒரு கிளைதான் முறிந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தம்பி படம் அனுப்பினான்: நான்கு செடிகளில் ஆரஞ்சு நிறம் முழுதாக ஏறியிருக்கிறது, ஒன்றில் புதிதாகப் பூவும் விட்டிருக்கிறது. அந்தப் பூவைக் கிள்ளச் சொல்லவில்லை. சேலத்து வெயிலில் அது நிலைக்கட்டும். முதலில் பழுத்த காயின் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தச் சொல்லியிருக்கிறேன், வரும் மாசியிலேயே விதைத்துவிட.