அலாவுத்தீன் கைகுபாத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ஊர்சுற்றி:
துருக்கியில் அலான்யாவுக்கு நான் போனது கடலில் குளிக்கத்தான், சுல்தானைப் பார்க்க இல்லை. துறைமுகத்தில் செங்கல் நிறத்தில் எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்று நிற்கிறது, கிஸில் குலே, அதாவது சிவப்புக் கோபுரம். வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்தேன், அவ்வளவுதான். 33 மீட்டர் உயரம், உள்ளே படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருக்கும், கவசம் போட்டுக்கொண்டு இதில் எப்படி ஓடினார்களோ. 1226இல் அலெப்போவிலிருந்து வந்த அபு அலி என்கிற கட்டடக்காரர் கட்டியது. கீழ்ப் பாதி கல், மேல் பாதி செங்கல். மேலே போய்க் கீழே பார்த்தால் கொஞ்ச தூரத்தில் ஐந்து வளைவுகளோடு கப்பல் கட்டும் தளம், 1228இல் எழுப்பியது. கடல் இன்றும் அந்த வளைவுகளுக்குள் போய்த் திரும்புகிறது. அந்த ஊருக்கே கைகுபாத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்: அலாயியே. அது எப்படி அலான்யா ஆனது என்று கேட்டதற்கு, 1930களில் துருக்கி அதிபர் அதாதுர்க்கின் தந்தி ஒன்றில் எழுத்து மாறிப்போனதால்தான் என்றார் டிக்கெட் கொடுத்தவர்.

திரும்பி வந்து தேடினால் எனக்குத் தெரிந்த கைகுபாத் வேறு ஆள். பள்ளிப் புத்தகத்தில் வருவாரே, டெல்லியில் பால்பனின் பேரன், அவர் இவருக்கு அறுபது எழுபது வருடம் பிந்தியவர். இவர் அனத்தோலியாவை, அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியை, ஆண்ட ரூம் செல்ஜுக் என்ற துருக்கிய மரபின் சுல்தான், ஆட்சி 1220 முதல் 1237 வரை. வேறு யாராவது இவரைப் பார்த்திருக்கிறீர்களா?

கொன்யாவாசி:
இரண்டு வருடம் அவருடைய தலைநகரான கொன்யாவில் படித்தேன், தினமும் அவர் பெயர் வைத்த மேட்டைச் சுற்றித்தான் டிராம் போகும், அலாவுத்தீன் தெபெசி. அவர் பிடித்தார், கட்டினார் என்று எல்லாரும் சொல்கிறோம், அதற்கு முந்தைய கதைதான் எனக்குப் பிடித்தது. 1211இல் அப்பா கைகுஸ்ரு இறந்ததும் அண்ணன் கைகாவுஸுக்கும் இவருக்கும் அரியணைச் சண்டை. இவர் சிலிசிய ஆர்மேனிய அரசன் லெவோனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கைசேரியில் அண்ணனை முற்றுகையிட்டார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அங்காராவுக்கு ஓடி அங்கே அடைபட்டு, கடைசியில் சரணடைந்தார். மலாத்யா பக்கம் கோட்டைச் சிறை. 1220இல் அண்ணன் காசநோயில் போகும்வரை அங்கேதான்.

சிறையிலிருந்து அழைத்துவரப் போனவர் யார் தெரியுமா? ஆயபா. முன்பு இவரைச் சிறையில் தள்ளியதில் பங்குள்ள அதே அமீர், அதாவது அரசவைப் பிரபு. நாளைக்குப் பழி வாங்கமாட்டேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விடுவித்தார் என்கிறது இப்னு பீபீ பாரசீகத்தில் எழுதிய வரலாறு. சத்தியம் மூன்று வருடம் தாங்கியது. கொன்யாவைச் சுற்றி எழுப்பிய மதிலின் செலவில் பெரும்பகுதியைச் சுல்தான் அமீர்கள் தலையில் கட்டினார், அவர்கள் உள்ளுக்குள் பொருமினார்கள். ஆயபாவின் சமையற்கட்டில் ஒரு நாளைக்கு 80 ஆடு வெட்டினார்களாம், சுல்தானுடையதில் 30. 1223இல் கைசேரியில் விருந்துக்குக் கூப்பிட்டு, வந்த பெரிய தலைகளை எல்லாம் பிடித்துத் தீர்த்துக் கட்டினார். விருந்து என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அந்த மதில் இப்போது இல்லை, 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்துவிட்டார்கள். அதிலிருந்த சிறகு முளைத்த இரண்டு உருவங்கள் மட்டும் இன்ஜே மினாரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இஸ்லாமிய மன்னரின் மதிலில் கிரீடம் வைத்த தேவதை! முதல் தடவை பார்த்தபோது ஏதோ தேவாலயத்துச் சிற்பத்தை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

ஊர்சுற்றி:
80 ஆடு மேட்டர் அருமை. அலான்யாவையும் இப்படித்தான் தந்திரமாகப் பிடித்தாரா?

கொன்யாவாசி:
முற்றுகை போட்டார், ஆனால் முடிந்தது பேச்சில். 1221இல் அந்தக் கோட்டை கிர் வார்த் என்பவர் கையில் இருந்தது. அவர் கோட்டையைக் கொடுத்தார், மகளையும் மணமுடித்துக் கொடுத்தார், பதிலுக்கு அக்‌ஷெஹிரில் நிலம் வாங்கிக்கொண்டார். அந்த மகள்தான் மஹ்பெரி ஹாத்துன். கைசேரியில் ஹுனாத் ஹாத்துன் என்று மசூதி, மதரசா, குளியல் கூடம் எல்லாம் சேர்ந்த வளாகம் இருக்கிறதே, அது அவர் 1238இல் கட்டியது.

லாரிக்காரன்:
நான் வரலாறு படித்தவன் இல்லை. கொன்யாவிலிருந்து அக்சராய் போகும் சாலையில் வண்டி நிறுத்தி டீ குடிக்க இறங்கினபோதுதான் சுல்தான் ஹானைப் பார்த்தேன். 1229இல் வணிகர்களுக்காகக் கட்டிய சத்திரம். சத்திரம் என்றால் நாலு அறை என்று நினைக்காதீர்கள், கோட்டை மாதிரி. வாசலில் கல்லைச் செதுக்கியிருக்கிறார்களா பின்னியிருக்கிறார்களா என்று சந்தேகம் வரும். முற்றத்து நடுவில் நாலு வளைவுகளின் மேல் குட்டி மசூதி, அதற்கு ஏறும் படி குறுகல், பிடித்துக்கொள்ளாமல் ஏறினால் விழுந்துவிடுவோம். வெயில்காலத்துக்குத் திறந்த முற்றம், குளிர்காலத்துக்குப் பின்னால் கூரை போட்ட பெரிய மண்டபம், மனுஷனும் ஒட்டகமும் ஒரே கூரைக்குக் கீழே. உள்ளே நின்றபோது வெளியே 35 டிகிரி, எனக்குக் கை சில்லிட்டது.

என் வேலையே சரக்கு ஓட்டுவது, அதனால் எனக்கு இந்த ஆள் மேல் தனி மரியாதை. துறைமுகத்தைப் பிடித்ததோடு விடாமல் சாலையில் தங்க இடமும் கட்டினார் பாருங்கள். வெனிஸ்காரர்களோடு 1220இல் போட்ட ஒப்பந்தத்தில் சுங்கம் நூற்றுக்கு 2 தான். வழியில் கொள்ளை போனால் அரசே ஈடு கொடுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்திருக்கிறது. எங்களுக்கு டயர் வெடித்தாலே ஈடு வாங்க ஆறு மாதம் இழுக்கிறார்கள்.

இப்போது அந்த ஊரில் பழைய கம்பளம் ரிப்பேர் செய்கிறார்கள். சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்து பொத்தல் விழுந்த கம்பளத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், பேசவே இல்லை, டீ மட்டும் நீட்டினார்.

ஓடுபிரியை:
நான் பார்த்தது சுல்தானுடைய வீட்டுச் சுவரை. பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் குபாதாபாத் என்று கோடைகால அரண்மனை கட்டினார், 1236 வாக்கில். இடம் இப்போது இடிபாடுதான், அங்கே எடுத்த ஓடுகள் கொன்யாவில் கராத்தாய் மதரசாவில் இருக்கின்றன. நட்சத்திர ஓடு, நடுவில் சிலுவை வடிவ ஓடு, மாறி மாறி. நட்சத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு உயிர்: நாய், மீன், இரட்டைத் தலைக் கழுகு, பெண் தலையோடு ஒரு பறவை, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அந்த மனிதரின் கன்னம் உப்பலாக இருக்கும், கண் இரண்டும் கீறின மாதிரி. ஓவியன் அவசரத்தில் இழுத்த தூரிகைக் கோடு ஒரு இடத்தில் தடித்து நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் நின்றேன்.

சுல்தானுக்கே வரையவும் தச்சு வேலையும் தெரியும், சதுரங்கம் நன்றாக ஆடுவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரண்மனை வேலையைப் பார்த்துக்கொண்டவர் பெயர் சாதுத்தீன் கோபெக். துருக்கி மொழியில் கோபெக் என்றால் நாய். பெயர் பொருத்தம்தான், அடுத்த சுல்தான் காலத்தில் அவர் செய்த கொலைகளைப் படித்தால் தெரியும்.

கைசேரிக்காரி:
கொன்யாவாசி சொன்ன விருந்துக்கு வருகிறேன். நான் இருப்பது கைசேரியில். சுல்தானின் கைகுபாதியே அரண்மனையில் மிச்சம் இருப்பது சர்க்கரை ஆலை நிலத்துக்குள் இருக்கிறது. 1230இல் எர்சின்ஜான் பக்கம் யஸ்ஸிசெமெனில் மத்திய ஆசிய குவாரஸ்ம் நாட்டு மன்னர் ஜலாலுத்தீனையே ஓடவிட்டவர், மங்கோலியர்களிடம் தூது அனுப்பிச் சமாளித்தவர், போனது ஒரு வறுத்த பறவையால். 1237 மே கடைசி, நோன்புப் பெருநாளை ஒட்டித் தூதர்களுக்கு விருந்து. உணவு பரிமாறும் அதிகாரி கொடுத்த பறவைக் கறியைத் தின்றார், வயிற்றைப் பிரட்டியது, அன்றிரவே இறந்தார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட அய்யூபிய மரபின் இளவரசிக்குப் பிறந்த இளைய மகன் கிலிச் அர்ஸ்லானைத்தான் வாரிசு என்று அறிவித்திருந்தார். அரியணை ஏறியதோ மஹ்பெரியின் மகன், தாத்தா பெயரையே கொண்ட கைகுஸ்ரு. சந்தேகம் யார் மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அய்யூபிய மனைவியையும் பிறகு அங்காராவில் கழுத்தை நெரித்தார்கள். அவருக்கு மகள்கள் கட்டிய கல்லறை இங்கே இருக்கிறது, பக்கத்திலேயே பெரிய சாலை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மகன் ஆறே வருடத்தில், 1243இல், கோசே தாக் போரில் மங்கோலியர்களிடம் எல்லாவற்றையும் தோற்றார்.

ஊர்சுற்றி:
அப்போது சுல்தானை எங்கே புதைத்தார்கள்? கைசேரியிலேயா?

கொன்யாவாசி:
இல்லை, கொன்யாவுக்குக் கொண்டுவந்தார்கள். மேட்டின் மேல் அவர் பெயர் கொண்ட மசூதி, அதன் முற்றத்தில் கூம்புக் கூரை போட்ட கல்லறை மண்டபம். உள்ளே எட்டு சுல்தான்கள், நீல ஓடு பதித்த பேழைகள் வரிசையாக. நான் போனபோது ஒரு பாட்டி எட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபாத்திஹா ஓதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தாத்தா இருக்கிறார், அப்பா இருக்கிறார், இவர் இருக்கிறார். சிறையில் போட்ட அண்ணன் மட்டும் இல்லை, அவர் சிவாஸில், தான் கட்டிய மருத்துவமனைக்குள்ளேயே. கைசேரிக்காரி சொன்ன அந்த மகன் கைகுஸ்ருவும் இதே அறையில்தான் இருக்கிறார், அப்பாவுக்கு நாலு எட்டு தூரத்தில்.