நாகூர் கந்தூரி: டிக்கெட் எடுக்குமுன் பிறைக் கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், உறவுகளே.

நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது எஜமானின் ஆண்டு விழாவான கந்தூரிக்கென்றே லீவு எடுத்து வந்தும், சந்தனம் சுமந்த அலங்காரத் தேரான சந்தனக்கூடு வரும் இரவைக் கோட்டைவிடுவது வேதனையான விஷயம். பிசகு பெரும்பாலும் தேதிக் கணக்கில்தான்.

நோட்டீஸில் ஹிஜ்ரி ஆறாம் மாதமான ஜமாதுல் ஆகிர் பிறை 10, அதாவது பத்தாம் தேதி, என்றிருந்தால் அந்தப் பகலுக்குப் பின் வரும் இரவைக் குறித்துக்கொள்கிறோம். நம் கணக்கில் நாள் பிறப்பது சூரியன் மறையும் மஃரிபில். ஆகவே பத்தாம் இரவு என்பது பத்தாம் பகலுக்கு முந்திய இரவு, வியாழன் மாலை மறைந்ததும் வெள்ளி இரவு என்கிறோமே, அதே போல. 2024-இல் டிசம்பர் 2 மாலை கொடியேற்றம், 11 இரவு நாகப்பட்டினத்திலிருந்து கூடு புறப்பாடு, 12 அதிகாலை எஜமானின் அடக்கத்தலமான ரவ்லாவில் சந்தனம் பூசுதல். 12 மாலை வந்து இறங்கியவருக்குக் கூடும் இல்லை, சந்தனம் பூசுவதும் இல்லை.

வளைகுடாவில் இருப்பவர்கள் அங்குள்ள காலண்டரையோ போனில் வரும் ஹிஜ்ரி தேதியையோ நம்ப வேண்டாம். தமிழ்நாட்டுப் பிறை ஒரு நாள் பிந்தலாம். கந்தூரி ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும் என்பதால் உத்தேசத் தேதி தெரியும். உறுதியாவது பிறை தெரிந்த பிறகே. கூடு இரவுக்கு இரண்டு நாள் முன்பே ஊரில் இருப்பதுபோல் டிக்கெட் போடுங்கள், திரும்பும் தேதியை மாற்றக்கூடியதாக எடுங்கள்.

விமானத்தில் வருவோருக்குத் திருச்சிதான் பக்கம். காரைக்கால் போகும் ரயில்கள் நாகூரில் நிற்கும். கூடு வருவதும் நாகை–நாகூர் சாலைதான். அன்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். எனவே அன்று மதியத்துக்குள் நாகூருக்குள் வந்துவிடுங்கள். வயதானவர்களை வாசல் நெரிசலில் நிறுத்த வேண்டாம். அவர்களுக்கு என் யோசனை கொடியேற்ற நாளுக்கும் கூடு இரவுக்கும் நடுவில் ஒரு காலை நேரம். அமைதியாக ஃபாத்திஹா ஓதலாம், சில்லடிக் கடற்கரைக்கும் வாஞ்சூருக்கும் போய் வரலாம்.

கொடியேற்றம் பார்க்க வருபவர்கள் தர்காவின் பெரிய மினாராவையே (கோபுரத்தையே) பார்த்து நிற்காதீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா அது, கண் அங்கேதான் போகும். ஆனால் கொடி ஏறுவது ஐந்து மினாராக்களிலும். சாஹிபு, தலைமாட்டு, முதுபக், ஓட்டு மினாராக்களையும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

வர இயலாத சிங்கப்பூர் உறவுகளுக்குத் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830இல் நம்மவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இருக்கிறது. அது நினைவிடம், எஜமான் அடங்கியிருப்பது நாகூரில்.