ஈடா, தொகுதியா? தோட்டாப் பெட்டியில் ஒரு சொல்

அன்பர்களே,

துப்பாக்கி சுடும் விளையாட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சு. .22 ரைபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுக்கும் பகுதியில் ‘லாட்’ என்ற சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி. ஆனால் ஒரு ஓட்டத்தில் செய்து முடித்த தோட்டாக்களுக்கு ஒரு எண், அடுத்த ஓட்டத்துக்கு வேறு எண். ஒரு குழலுக்கு ஒத்துவரும் எண் இன்னொரு குழலுக்கு ஒத்துவராது. அதனால் ரைபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) இறுக்கி, 50 மீட்டர் தூரத்தில் ஒவ்வோர் எண்ணிலும் பத்துத் தோட்டா சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அந்த எண்ணிலேயே மொத்தமாக வாங்கிவிடுவார்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். ‘தொகுதி’ என்று போட்டிருந்தேன். படித்த பையன், “யார் எம்.எல்.ஏ.?” என்கிறான்.

குறள் 12இல் ‘துப்பாக்கி’ வருகிறது என்று யாரும் தொடங்க வேண்டாம்.
– செ.

செ. ஐயா, வீட்டிலேயே சொல் இருக்கிறதே: ஈடு. அதே மாவு, அதே தட்டு. முதல் ஈடு இட்லி ஒரு மாதிரி, மூன்றாம் ஈடு ஒரு மாதிரி. உங்கள் தோட்டாவும் அப்படித்தானே?
– ப.

அருமை. இடு → ஈடு, சுடு → சூடு: இரண்டுமே முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆனால் வைணவர் காதில் ‘ஈடு’ என்றால் நம்பிள்ளையின் திருவாய்மொழி உரை, முப்பத்தாறாயிரப்படி. அந்தப் பெயர் வந்த காரணத்துக்கும் பல விளக்கம் உண்டு...
– வை.

காரணம் அப்புறம். ‘தோட்டா’ இந்தி வழி வந்தது, ‘துப்பாக்கி’ துருக்கி. இரண்டையும் வைத்துக்கொண்டு லாட்டுக்கு மட்டும் தூய தமிழா? ஈழத்தில் தோட்டா, குண்டுக்கு ரவை, சன்னம் என்கிறார்கள், அவற்றை எடுங்கள்.
– ந.

இட்லி ஈட்டில் ரவையைச் சேர்த்தால் ரவா இட்லிதான் கிடைக்கும், அண்ணா.
– ப.

நான் பயிற்சி கொடுப்பவன். லாட் என்றே எழுதுங்கள், பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்று வரைவில் இருக்கிறது. ‘தோட்டாவின் எடை 2.6 கிராம்’ என்றிருக்கிறது. அது முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை மட்டும். கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு, கூடு நம் காலடியில் விழும்.
– கோ.

கோ. சொன்னதைத் திருத்திவிட்டேன், நன்றி. மூன்று பேர் ஈடு, ஒருவர் லாட், ஒருவர் இன்னும் துருக்கியில். ‘ஈடு’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘அதாவது லாட்’ என்று சேர்க்கிறேன். இனி மாற்ற நேரமில்லை.
– செ.

போடுங்கள். ‘பெட்டியில் உள்ள ஈட்டு எண்ணைக் குறித்துக்கொள்க’ என்று படிக்கிறவன் அடமானம் என்று நினைத்து நகைக்கடன் ரசீதைத் தேடுவான். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். துப்பாக்கிக்கு ‘சுடுகலன்’ என்று தனி இழை தொடங்குகிறேன்.
– ந.