மறு: கிரவுண்ட் லூப், ஹம் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

இந்த இழையில் 'கிரவுண்ட் லூப்' என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: தரைச் சுற்று, நிலக்கண்ணி, புவி வளையம். இந்தக் கோளாறோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியவன் என்பதால் என் கருத்தையும் சொல்கிறேன்.

என்னிடம் இருந்தது ஒரு மியூசிக் பிளேயர், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் கேபிள், மூன்று பின் பிளக் கொண்ட இரண்டு பவர்டு ஸ்பீக்கர்கள் (பெருக்கி உள்ளேயே இருப்பவை). ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாட்டினால் நிசப்தம். இரண்டாவதையும் மாட்டிய நொடியில் இரண்டிலும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டைச் சத்தம், அதுதான் 'ஹம்'. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. இரண்டாவதன் ஆடியோ கேபிளை மட்டும் கழற்றினால் உடனே போய்விடும். ஆக, தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல கருவிகள். சேர்த்த விதத்தில்தான் சிக்கல்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் உள்ளிருக்கும் மின்சுற்றும் மூன்றாவது பின் வழியாகப் புவியோடு இணைந்திருக்கிறது. ஆடியோ கேபிளின் வெளிப்பின்னல் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) அதே இரண்டையும் இன்னொரு பக்கமாக இணைக்கிறது. இரண்டு வழிகளும் சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆகிவிடுகின்றன. இதுதான் கிரவுண்ட் லூப். அக்கம்பக்கத்து மின்மாற்றிகளும் மின்கம்பிகளும் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பின்னலுக்கும் சிறிது மின்தடை உண்டு, அதனால் அதன் இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் எழுகிறது. இந்த வகைக் கேபிளில் இசைக்குறிகை (சிக்னல்) திரும்பி வரும் பாதையும் அதே பின்னல்தான். அப்புறம் என்ன, அந்த மின்னழுத்தமும் இசையோடு கலந்து பெருக்கப்படுகிறது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> தரைச் சுற்று என்றால் எல்லாருக்கும் புரியும்

எனக்கு இதில்தான் பெரிய தயக்கம். 'சுற்று' ஏற்கெனவே மின்சுற்றுக்குப் போய்விட்டது என்பது சின்னக் குறை. பெரிய குறை, இந்தப் பெயரைக் கேட்பவர் 'தரை'தான் குற்றவாளி என்று நினைத்துக்கொள்வார். பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சத்தம் நின்றது என்று மகிழ்வார். நிற்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஒரு மின்கம்பி பிய்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் போக மிஞ்சும் வழி மெல்லிய ஆடியோ பின்னல், அல்லது தொடுகிறவரின் கை. ஒரு கலைச்சொல் யாரையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

'நிலக்கண்ணி' படித்ததும் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது. வேண்டாம்.

'புவி வளையம்' கிட்டத்தட்ட சரி, ஆனால் சனியின் வளையம்போலப் பூமிக்கும் ஒன்று இருக்கிறதோ என்று தோன்றும். 'புவித்தொடுப்பு' (எர்த்திங்) பாடநூல்களில் புழங்கிய சொல். ஆகவே புவித்தொடுப்பு வளையம் என்று முன்மொழிகிறேன். ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் அடுத்த வரியிலிருந்து 'தொடுப்பு வளையம்' போதும். இதில் எனக்குப் பிடித்தது, எதை அறுக்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது: தொடுப்பை அல்ல, வளையத்தை.

> ஹம் என்பதற்கு ரீங்காரம் இருக்கிறதே?

அழகான சொல்தான், ஆனால் சுருதி பொருந்தவில்லை. தேனீயின் சிறகு நொடிக்கு 200 தடவைக்கு மேல் அடிக்கிறது. நம் சத்தத்தின் அடிப்படை 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், கூடவே அதன் மடங்குகள். 'இரைச்சல்' எல்லா வகைச் சத்தத்துக்கும் பொதுவானது, அதை அப்படியே விட்டுவைக்கலாம். உறுமி மேளத்தின் அடிக்குரலை நினைத்துப் பாருங்கள், நீண்டு இழுபடும் அந்த ஒலிக்கு நம்மிடம் 'உறுமல்' இருக்கிறது. மின்னுறுமல் என்றால் காரணமும் சேர்ந்து வருகிறது. ரீங்காரத்தை, ஒளிமங்கல் (டிம்மர்) சுவிட்சுகளால் வரும் கூர்மையான 'ஸ்ஸ்ர்' சத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொற்கள் நிற்கின்றனவா என்று ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

"மின்னுறுமல் கேட்டால் முதலில் எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் மாட்டி, கேபிள்களை ஒட்டியே செல்லவிடவும். தொடுப்பு வளையத்தின் பரப்பு சுருங்கும், சத்தமும் குறையும். பிளேயர் சார்ஜரில் இருந்தால் கழற்றிப் பார்க்கவும், அதன் வழியாகவும் ஒரு வளையம் உருவாகலாம். மிச்சம் இருந்தால் ஆடியோ கேபிளில் ஒரு பிரிப்பு மின்மாற்றியைச் சேர்க்கவும். இசை காந்தப்புலமாகக் கடந்துபோகும், உலோகத் தொடர்பு அறுந்துவிடும். மூன்று ஸ்பீக்கர் என்றால் இரண்டுக்காவது இது வேண்டும். பிளக்கின் புவிப் பின்னைத் தொட வேண்டாம்."

என் ஸ்பீக்கர்கள் அமைதியானதும் இதே வரிசையில்தான். பவர் ஸ்டிரிப்பில் பாதி குறைந்தது, மின்மாற்றியில் முழுதும் போனது.

'பேலன்ஸ்டு' கேபிளுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'சமநிலைக் கேபிள்' என்றால் தராசு நினைவு வருகிறது. குறிகை இரண்டு கம்பிகளில் போகிறது, இரண்டும் புவிக்கு ஒரே அளவு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) காட்டுகின்றன, பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 'நிகரிணைக் கேபிள்' சரிவருமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.