மறு: அட்டவணைத் தலைப்பு: கட்சிச் சார்பா, கட்சி இணைவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றத்தின் (European Council) 27 நாட்டுத் தலைவர்களும் எந்தெந்தக் கட்சி என்று காட்டும் அட்டவணை, முதுகலைப் பாடநூலில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கட்சி உறுப்பினர்' என்று தலைப்பிட முடியாது. ருமேனிய அதிபர் பதவியில் இருக்கும்வரை எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பு. ஆனாலும் யோஹானிஸ் அதிபராக இருந்தபோது அவரை, பல நாட்டுக் கட்சிகள் சேர்ந்த ஐரோப்பிய மக்கள் கட்சிக் கணக்கில்தான் வைத்தார்கள். 'கட்சிச் சார்பு' சரிவருமா?

-----

'சார்பு' வேண்டாம் ஐயா. பக்கச்சார்பு, ஒருதலைச் சார்பு என்று நாளிதழ்கள் அதைக் குறைச்சொல்லாகவே ஆக்கிவிட்டன. 'கட்சி இணைவு' என்று போடுங்கள்.

-----

நாளிதழுக்காக நல்ல சொல்லை விட்டுவிடுவதா? குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் 'சார்ந்துவரல் மரபின் மூன்று' என்கிறார் தொல்காப்பியர். நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக்கினார். அதில் குறை எங்கே இருக்கிறது? 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' குறளில் முதல் சார்பு பற்றுக்கோடு.

-----

இரண்டாவது சார்பு கெட வேண்டிய பற்று. அதையும் சொல்லுங்கள்!

-----

எங்கள் பக்கம் 'கட்சி அங்கத்துவம்' என்போம். மாணவருக்கு உடனே விளங்கும்.

-----

விளங்கும் அம்மா, ஆனால் அங்கத்துவமும் உறுப்பினர் என்பதுதானே? ருமேனியச் சிக்கல் அப்படியே நிற்கும். 'அங்கம்' வடசொல் என்பது தனி வழக்கு.

தலைப்பை மட்டும் பார்க்காமல் கட்டத்துக்குள் என்ன வரும் என்று பாருங்கள். 2021-22இல் இத்தாலியப் பிரதமராக இருந்த திராகி எந்தக் கட்சியிலும் இல்லை. 'சுயேச்சை' என்றால் நமக்குத் தேர்தலில் நின்றவர் நினைவுக்கு வருவார். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. 'கட்சி சாராதவர்' கச்சிதமாகப் பொருந்துகிறது. 'இணையாதவர்' என்றால் இனிமேல் இணையப்போகிறவர் போலத் தொனிக்கும்.

-----

அப்புறம் அட்டவணையில் இன்னொரு பத்தி வேண்டும். அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி 2021இல் ஐரோப்பிய மக்கள் கட்சியிலிருந்து வெளியேறியது. ஹங்கேரியில் அவர் கட்சி மாறவில்லை. உள்நாட்டுக் கட்சி வேறு, ஐரோப்பிய அளவிலான அணி வேறு. அதற்குக் 'கூட்டணி' என்று எழுதிவிடாதீர்கள், நம் மாணவர்கள் தொகுதிப் பங்கீட்டைத் தேடுவார்கள்.

-----

நன்றி. 'கட்சிச் சார்பு', 'ஐரோப்பிய அணி', 'கட்சி சாராதவர்' மூன்றையும் அனுப்புகிறேன். 'ஐரோப்பிய மன்றம்' என்பதா 'ஐரோப்பியப் பேரவை' என்பதா என்பதை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

-----

அனுப்புங்கள். 'இணைவு'தான் சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை.